மிதக்கும் காற்றாலையின் ஆட்டம் அதில் பராமரிப்பு வேலை செய்பவர்களை எப்படிப் பாதிக்கிறது?

முப்பந்தலில் சில வருடம் காற்றாலை வேலை பார்த்துவிட்டு, இப்போது ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே கடலில் மிதக்கும் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது, "வாந்தி வருமா?"

வரும், ஆனால் அதிகமும் போகிற படகில்தான். ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போகும் அசைவுதான் வயிற்றை ரொம்பப் புரட்டும். மிதவையின் ஆட்டம் அதைவிட மெதுவானது. 2017-ல் பீட்டர்ஹெட் அருகே நிறுவிய ஹைவிண்ட் ஸ்காட்லாந்தில் இருப்பது போன்ற நீள உருளை மிதவை, ஒருமுறை சாய்ந்து நிமிர அரை நிமிடம்போல எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் அலைகளின் 10 விநாடி ஆட்டமும் சேரும்.

கீழே நிற்கும்போது இது பெரிதாகத் தெரியாது. 100 மீட்டர் உயரத்தில், 1 டிகிரி சாய்ந்தாலே 1.75 மீட்டர் நகர்ந்துவிடுவோம். 10 விநாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் 1 டிகிரி போய்வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பலில் மூளையைக் கொடுத்துச் செய்யும் வேலைகளுக்கு, வடஐரோப்பிய நாடுகளின் கூட்டு ஆய்வு அமைப்பான நோர்ட்ஃபோர்ஸ்க் 1987-ல் வகுத்த பக்கவாட்டு முடுக்க வரம்பு சராசரியாக 0.05 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் இருபதில் ஒரு பங்கு. இந்த ஆட்டம் அதைத் தொட்டுவிடும். இன்னொன்று, ஏறுவதற்கு முன் இறக்கைகளை நிறுத்திவிடுவோம். அவை சுழலும்போது காற்றே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கும், நின்றதும் அந்தப் பிடி போய்விடும்.

நாங்கள் வேலை செய்யும் இடம் கோபுரத்தின் உச்சியில், இறக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் நாலு பக்கமும் அடைத்த பெட்டி. கண்ணுக்கு எதுவும் அசையவில்லை, உட்காதுக்கோ எல்லாம் அசைகிறது. இரண்டு மணி நேரத்தில் குமட்டல் இல்லாமலே ஒரு மந்தம் வந்து உட்காரும். அசைவால் வரும் இந்தத் தூக்கக் கலக்கத்துக்கு சோபைட் என்று 1976-ல் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து பெரிய ஆபத்து இதுதான், ஏனென்றால் வாந்தி எடுப்பவரைக் கீழே இறக்கிவிடுவார்கள், மந்தமாக இருப்பவர் தனக்கு ஒன்றுமில்லை என்றே நினைப்பார். ஒருநாள் கேபினெட்டில் வயர் மாற்றும்போது நான் எண் வாசிக்க, கூட இருந்தவர் சொருகிக்கொண்டிருந்தார். 17-ஐ 11 என்று வாசித்தேன். அவர் டார்ச்சை நகர்த்தி இன்னொருமுறை பார்த்ததால் தப்பித்தோம். எனக்கு உடம்பில் எந்தக் கோளாறும் அப்போது தெரியவில்லை. மாத்திரையும் சரிப்படாது, பயணக் குமட்டலுக்குப் போடும் சின்னரிசின் மாதிரியானவை தூக்கத்தைக் கூட்டும், நாமோ கயிற்றில் தொங்குகிறவர்கள்.

அப்புறம் உடம்பு. ஒரு கை எப்போதும் பிடிமானத்துக்கே போய்விடும். செயின் பிளாக்கில் தொங்கும் சுமை நிற்காமல் ஊசலாடும், அதைத் தடுக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும். கரையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற போல்ட் வேலை இங்கே ஒன்றரை மணி நேரம் இழுக்கும். கணுக்காலும் இடுப்பும் நாள் முழுக்கச் சமன் செய்துகொண்டே இருப்பதால் ராத்திரி படுத்தபிறகும் கட்டில் ஆடும்.

எனக்கு உண்மையான கோபம் ஒன்று உண்டு. போகலாமா வேண்டாமா என்பதைப் படகிலிருந்து ஏணிக்குத் தாவும் இடத்தில் அலை எத்தனை மீட்டர் என்று பார்த்தே முடிவு செய்கிறோம். சின்னப் படகுக்கு வழக்கமாக 1.5 மீட்டர் எல்லை. ஆனால் அதே உயரத்தில் நீண்ட, மெதுவான அலை வந்தால் தாவுவது சுலபம், மேலே வேலை செய்வதுதான் கஷ்டம். நீங்கள் இந்த வேலைக்கு வருவதாக இருந்தால், காலைக் கூட்டத்தில் அலையின் உயரத்தோடு எத்தனை விநாடிக்கு ஒன்று வருகிறது என்றும் கேளுங்கள். மணிக்கு ஒருமுறை கூரைக் கதவைத் திறந்து அஞ்சு நிமிடம் தொடுவானத்தைப் பாருங்கள். வயரிங், எண் சரிபார்ப்பு வேலைகளை ஏறிய முதல் மணி நேரத்திலேயே முடித்துவிடுங்கள்.