1943 ‘எஸ்கொயர்’ இதழ்: வாங்கும் முன் மடிப்புப் படத்தைப் பாருங்கள்

கேள்வி: இணைய ஏலத்தில் 1943-ஆம் ஆண்டு ‘எஸ்கொயர்’ (அமெரிக்க ஆண்கள் இதழ்) பிரதி ஒன்று வந்திருக்கிறது. ‘வர்கா பெண்’ என்ற கவர்ச்சி ஓவியப் படத்துடன் முழுமையாக இருக்கிறது, அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட இதழ் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். ஆனால் உள்ளே விளம்பரமே இல்லை. வாங்கலாமா?

பதில்: தடை என்று சொல்லி விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள். 1943 கடைசியில் அமெரிக்க அஞ்சல் துறை அந்த இதழுக்கான சலுகைத் தபால் கட்டணத்தைத்தான் ரத்து செய்தது. அதுவும் 1946-இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

விளம்பரம் இல்லாதது குறையல்ல. போர்முனை வீரர்களுக்காக விளம்பரம் நீக்கிய பதிப்பும் அப்போது வந்தது. பொருளடக்கப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பக்க எண்களை ஒப்பிடுங்கள்.

விலையை முடிவு செய்வது மடிப்புப் படம், அதாவது இதழுக்குள் மடித்து வைத்திருக்கும் அந்த ‘வர்கா பெண்’ படம். வீரர்கள் அதைக் கிழித்துச் சுவரில் குத்திவைத்தார்கள். அதனால்தான் படம் போன பிரதிகள் ஏராளம். படத்தை முழுக்க விரித்து, முன்பக்கமும் பின்பக்கமும் தெரியும்படி புகைப்படம் கேளுங்கள். மூலைகளில் ஊசித் துளை, மடிப்புக் கோட்டில் கிழிசல், பின்னால் செலோடேப் இருக்கிறதா பாருங்கள். டேப்பின் பசை காகிதத்தில் ஊறிப் பழுப்புக் கறையாகிவிடும், எளிதில் போகாது. ‘முழுமையானது’ என்பதை ஏலத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதி வாங்குங்கள். பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம்.

கேள்வி: தனியாகச் சட்டமிட்டு விற்கும் வர்கா படம் அசலா, மறுஅச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் கையெழுத்து. ஓவியர் ஆல்பர்ட்டோ வர்காஸ் 1940 முதல் எஸ்கொயரில் ‘வர்கா’ என்றுதான் கையெழுத்திட்டார். அந்தக் காலத்துப் பக்கம் என்று சொல்லி ‘வர்காஸ்’ என்றிருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். படத்தில் புள்ளிகள் தெரிவது இயல்பு, அசலும் அப்படி அச்சானதுதான். பார்க்க வேண்டியது ஓரத்தில் உள்ள எழுத்து. அசலில் எழுத்தின் விளிம்பு கூராக, மை கட்டியாக இருக்கும். ஸ்கேன் செய்த பிரதியில் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறும்.

சட்டத்தைக் கழற்ற அனுமதித்தால், இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி கலந்தது. 1950-க்கு முந்தைய காகிதத்தில் அது பெரும்பாலும் கிடையாது. ஒளிராததாலேயே அசல் என்றும் சொல்லிவிட முடியாது.

வாங்கியதை பிவிசி உறையில் வைக்காதீர்கள். பாலிப்ரொப்பிலின் உறையும் அமிலமில்லா அட்டையும் போதும்.