முகம் சுண்ணாம்பு, பின்னால் கும்மிருட்டு: டிஜே இரவுக்கு எந்த பிளாஷ்?

கேள்வி: தங்கச்சிமடத்தில் சின்னதாக போட்டோ வேலை செய்கிறேன். கேனான் 1500டி, கூடவே வந்த 18–55 லென்ஸ், அவ்வளவுதான் கையில் இருக்கிறது. இப்போது வரவேற்பு என்றால் டிஜே இல்லாமல் இல்லை. மண்டபத்தில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள்; சிலர் கடற்கரை விடுதியில் திறந்தவெளியிலேயே வைக்கிறார்கள். கேமரா பிளாஷைப் போட்டால் முகம் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுக்கிறது, பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. போடாவிட்டால் எல்லாம் கலங்கிவிடுகிறது. 6,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க வழியில்லை. மாமாவிடம் ஃபிலிம் காலத்து பிளாஷ் ஒன்று இருக்கிறது, அதை மாட்டலாமா?

பதில்: மாமாவின் பிளாஷை இப்போதைக்குத் தொடாதீர்கள், காரணம் பிறகு சொல்கிறோம். காசு செலவழிக்கும் முன் இன்று இரவே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அறையை இருட்டாக்கி, சீரியல் செட் ஒன்றை எரியவிட்டு, அதற்கு முன்னால் தம்பியையோ தங்கையையோ ஆடச் சொல்லுங்கள். கேமராவை எம் மோடில் (எல்லா அளவையும் நாமே வைக்கும் நிலை) வைத்து ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 800, அபெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 5.6, ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம், நொடியில்) 1/15. கேமராவிலேயே உள்ள பிளாஷைத் தூக்கிவிட்டு, பிளாஷ் அளவை மட்டும் மைனஸ் 1-க்குக் குறையுங்கள். லென்ஸை 18-ல் வைத்து 2 மீட்டருக்குள் நின்று எடுங்கள். லென்ஸ் ஹுட் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தின் அடியில் அரைவட்டமாக நிழல் விழும்.

முகம் தெளிவாக நிற்கும், பின்னால் விளக்குகள் கோடு இழுத்திருக்கும். இதற்குத்தான் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். பிளாஷ் எரிவது ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடி, அதற்குள் ஆடுகிறவரின் கை அப்படியே உறைந்துவிடுகிறது. ஷட்டர் திறந்திருக்கும் மிச்ச நேரமெல்லாம் மேடை வெளிச்சம் சென்சாரில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆக ஒரே படத்துக்குள் இரண்டு படம். ஷட்டரைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறுவது பின்னணிதான். முகத்தின் வெளிச்சம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அபெர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் தொட்டால் இரண்டுமே மாறும். உங்கள் படம் இருட்டியதற்குக் காரணம், கேமராவை ஆட்டோவில் விட்டதும் அது ஷட்டரை 1/60-க்கோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டதுதான். 1/200-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால், தனி பிளாஷ் மாட்டியிருக்கும்போது படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும்.

இதில் வரும் சிக்கலையும் தெரிந்துகொள்ளுங்கள். மேடையின் எல்ஈடி வெளிச்சம் ஆடுகிறவர் மேலேயே பலமாக விழுந்தால், பிளாஷில் பதிந்த உருவத்தோடு மங்கலாக இன்னொரு உருவமும் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளை வேட்டி சட்டையில் இது அதிகம், கறுப்புச் சட்டையில் குறைவு. அப்படி வந்தால் ஷட்டரை 1/30, 1/60 என்று ஏற்றுங்கள், அல்லது ஓரடி நகர்ந்து அந்த விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி நில்லுங்கள். நகர்வதுதான் நல்ல வழி. தலைமுடி ஓரத்தில் ஒளி விளிம்பு கட்டும், படத்துக்கு அழகு கூடும்.

இனி வாங்குவதைப் பற்றி. அதற்கு முன் கேமரா தலையில் பிளாஷ் மாட்டும் இடத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் ஒற்றையாக ஒரு வட்ட உலோக முனை இருக்க வேண்டும். கேனானின் ஆரம்பநிலை கேமராக்கள் சிலவற்றில் இந்த முனையையே எடுத்துவிட்டார்கள். 200டி மார்க் 2 அப்படித்தான். முனை இல்லாத கேமராவில் சாதாரண மேனுவல் பிளாஷ் எதை மாட்டினாலும் எரியாது. பிளாஷ் கெட்டுப்போனது என்று நினைத்து கடைக்காரரிடம் சண்டை போடத்தான் நேரும்.

முனை இருந்தால் கோடாக்ஸ் டிடி600 அல்லது யோங்நுவோ ஒய்என்560, இவற்றில் ஒன்று போதும். பழையதாகக் கிடைத்தால் மிச்சப் பணத்தில் ரீசார்ஜ் பேட்டரி எட்டும் ஒரு சார்ஜரும் பாருங்கள். இரண்டுமே முழு மேனுவல்: தானாக எதையும் அளக்காது, நாம் வைத்த அளவில்தான் எரியும். டிஜே மாதிரி வெளிச்சம் நொடிக்கு நொடி மாறும் இடத்தில் அது நல்லதே. முனை இல்லாவிட்டால் கேனானுக்கென்று வரும் டிடிஎல் பிளாஷ் (கேமராவே வெளிச்சத்தை அளந்து அளவு சொல்லும் வகை) வாங்க வேண்டும், விலை கூடும். இன்னொரு வழியும் உண்டு: இதே மேனுவல் பிளாஷை எஸ்2 என்ற நிலையில் வைத்து இடது கையில் பிடித்துக்கொண்டால், கேமராவின் சொந்த பிளாஷைப் பார்த்து இதுவும் எரியும். அதே மண்டபத்தில் இன்னொரு போட்டோகிராபர் இருந்தால் அவர் பிளாஷுக்கும் சேர்ந்து எரியும், அதுதான் இதிலுள்ள தொல்லை.

பிளாஷை அதன் முழு பலத்தில் 1/32 அளவில் வைத்துத் தொடங்குங்கள். பிளாஷின் ஜூம் 24-ல் இருக்கட்டும். மேலே சொன்ன ஐஎஸ்ஓ 800, அபெர்ச்சர் 5.6-க்கு 2 மீட்டரில் இது சரியாக வரும். 3 மீட்டருக்குப் பின்வாங்கினால் 1/16. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால் கூட்டத்துக்குள் புகுந்து கிட்டத்தில் நில்லுங்கள். 1/32-ல் பிளாஷ் உடனுக்குடன் தயாராகும், சூடேறாது, ஒரு செட் பேட்டரி இரவு முழுக்க வரும். முழு அளவில் அடுத்தடுத்து அடித்தால் சூடேறி நின்றுவிடும், சரியாக மாலை மாற்றும் நேரத்தில்.

இருட்டில் இந்த லென்ஸ் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். தேட விடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே 18-ல் வைத்து, 2 மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவர்மேல் ஃபோகஸ் செய்து, லென்ஸ் பக்கத்திலுள்ள பொத்தானை எம்எஃப்-க்குத் (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) தள்ளிவிடுங்கள். 5.6-ல் ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து 5.5 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஜூமை மட்டும் அசைக்கக் கூடாது. வளையம் நழுவாமலிருக்க ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம்.

மண்டபத்தில் உட்கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் பிளாஷை மேலே திருப்பலாம், அதற்கு 1/4 வரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். சிவப்பு, நீலத் துணிப்பந்தல் என்றால் வேண்டாம், அந்த நிறம் முகத்தில் இறங்கிவிடும். கடற்கரையில் மேலே வானம்தான், எதுவும் திரும்பி வராது. நேராகவே அடியுங்கள். பிளாஷ் தலைமேல் மாட்டும் வெள்ளை மூடியும் திறந்தவெளியில் வெளிச்சத்தைத்தான் தின்னும். ஸ்டாண்டும் குடையும் இரவல் கிடைத்தாலும் கொண்டுபோகாதீர்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது நிற்காது, ஒரு குழந்தைமேல் விழுந்தால் என்ன ஆகும்? புகை இயந்திரம் ஓடும்போது கொஞ்சம் பொறுங்கள். பிளாஷ் பட்டால் புகை வெள்ளைச் சுவராகிவிடும். லேசர் நேராக லென்ஸுக்குள் வந்தால் சென்சார் பழுதாகும், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

இப்போது மாமாவின் பிளாஷ். பழைய பிளாஷ்கள் சிலவற்றில் அடி முனையில் 200 வோல்ட்டுக்கு மேலேயும் இருக்கும். விவிடார் 283-இன் ஆரம்பகாலப் பிளாஷ்கள் இதற்குப் பேர்போனவை. அந்த வோல்ட்டேஜ் இன்றைய கேமராவின் சர்க்யூட்டைக் கொன்றுவிடக் கூடும். எலக்ட்ரீஷியன் யாரிடமாவது மல்டிமீட்டர் வாங்கி டிசி 500 அல்லது 600-இல் வையுங்கள். பிளாஷில் பேட்டரி போட்டு ஆன் செய்து, தயார் விளக்கு எரிந்ததும் சிவப்பு முனையை அடியிலுள்ள நடுப்புள்ளியிலும், கறுப்பு முனையை அதைச் சுற்றியுள்ள தகட்டின் ஓரத்திலும் வையுங்கள். விரல் படக் கூடாது. 6 வோல்ட்டுக்கு உள்ளே காட்டினால் தைரியமாக மாட்டலாம். அதற்கு மேல் காட்டினால் மாமாவின் நினைவாக அலமாரியிலேயே இருக்கட்டும். உள்ளேயுள்ள கெபாசிட்டர் அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் பிரித்துப் பார்க்காதீர்கள்.

ஆடுகிற பெண்களையும் பிள்ளைகளையும் எடுக்குமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே முகத்தில் திரும்பத் திரும்ப பிளாஷ் அடிப்பதும் வேண்டாம், பாவம், கண் கூசும்.

ஏசி மண்டபத்திலிருந்து வாசலுக்கு வந்ததும் நம் ஊர்க் காற்றில் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். உள்ளே இருக்கும்போதே கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்து எடுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவுடன், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், பிளாஷிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, லேசாக ஈரம் பண்ணிப் பிழிந்த துணியால் பிளாஷின் உடம்பையும், உலர்ந்த துணியால் அடி முனைகளையும் துடையுங்கள். உப்புக்காற்றில் ஒரு வாரம் அப்படியே கிடந்தால் முனையில் பச்சை பூத்துவிடும், அடுத்த கல்யாணத்தில் நாலு முறைக்கு ஒரு முறைதான் எரியும்.