சமையலுக்கு வாங்கிய ஆளி எண்ணெயை பேட்டுக்குத் தடவலாமா?

"மகனுக்குப் புது கிரிக்கெட் பேட் வாங்கினோம். கடைக்காரர் லின்சீட் ஆயில் தடவச் சொன்னார். வீட்டில் சாப்பிட வாங்கிய ஆளி விதை எண்ணெய் இருக்கிறது. அதுவே போதுமா? பெயின்ட் கடையில் விற்பதும் இதுவும் ஒன்றுதானா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

தாராளமாகத் தடவலாம். லின்சீட் ஆயில் என்பதும் ஆளி விதை எண்ணெய்தான். பேட்டுக்கு வேண்டியது எதுவும் கலக்காத, காய்ச்சாத எண்ணெய்தான். பெயின்ட் கடையில் 'பாயில்டு' என்று விற்பது வேறு. சீக்கிரம் உலர அதில் கோபால்ட், மாங்கனீசு உப்புகள் சேர்ப்பார்கள். அதை வாயில் வைக்கவே கூடாது. பேட்டுக்கும் வேண்டாம்.

இந்த எண்ணெயில் ஏறத்தாழ பாதி ஒமேகா 3 கொழுப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது சட்டென்று வினைபுரியும். அதனால்தான் மரத்தில் மெல்லிய பூச்சாக உலர்ந்து பிடித்துக்கொள்கிறது, பாட்டிலில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது.

ஒரு டீஸ்பூன் போதும். முகப்பு, ஓரங்கள், அடிமுனை எல்லாவற்றிலும் துணியால் மெலிதாகத் தடவி, முகப்பு மேலே இருக்கும்படி இரவு முழுக்கப் படுக்கை வாட்டில் வையுங்கள். கைப்பிடி மரத்தோடு சேரும் இடத்திலும் ஸ்டிக்கரிலும் படவேண்டாம், பசை இளகிவிடும். முகப்பில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பேட் என்றால் அங்கே எண்ணெய் தேவையில்லை.

அப்புறம் அந்தத் துணி. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி மூலையில் போட்டால், உலரும்போது எழும் வெப்பம் உள்ளேயே தேங்கி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்ததும் ஆளி எண்ணெய்த் துணிகளால்தான். தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, வெளியில் விரித்துக் காயப்போடுங்கள். முழுக்கக் காய்ந்து விறைத்த பிறகே குப்பைக்குப் போகட்டும். பையனிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மிச்ச எண்ணெயில் வதக்கவோ பொரிக்கவோ வேண்டாம், சூடு அதற்கு ஆகாது. ஃபிரிட்ஜில் வைத்து, சாலட்டிலோ தயிர்ப் பச்சடியிலோ பச்சையாகச் சேருங்கள். பெயின்ட் வாடை வந்துவிட்டால் சாப்பிடாதீர்கள். கெட்டியாகாமல் இருந்தால், பேட்டுக்கு அடுத்த பூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.