லேப்டாப்: எந்தக் கம்பெனி நல்லது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் பதினைந்து வருடமாக ஒரே கம்பெனி லேப்டாப்தான். முதலில் வாங்கியது எட்டு வருடம் உழைத்தது. அதே கம்பெனியில் அடுத்து வாங்கியது மூன்றாம் வருடமே கீல் உடைந்து, மூடி பிளந்துவிட்டது. இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். பழைய கம்பெனியையே நம்பலாமா?
(ஒரு வாசகர், தக்கலை)

அந்த இரண்டு லேப்டாப்புக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. பெரிய கம்பெனிகள் பலவும் வீட்டுக்கு ஒரு வரிசை, அலுவலகத்துக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாகச் செய்கின்றன. லெனோவோவில் ஐடியாபேட், திங்க்பேட்; ஹெச்பியில் பெவிலியன் (இந்தப் பெயரை 2024 முதல் மாற்றத் தொடங்கினார்கள்), புரோபுக்; ஏசரில் ஆஸ்பயர், டிராவல்மேட்; ஆசஸில் விவோபுக், எக்ஸ்பர்ட்புக். டெல்லில் இன்ஸ்பிரான், லாட்டிடியூட் என்று இருந்தவற்றின் பெயர்களை 2025-இல் மாற்றத் தொடங்கினார்கள். அலுவலக வரிசையில் கீல் பெரும்பாலும் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும், உதிரிபாகமும் பல வருடம் கிடைக்கும். விலை குறைந்த வீட்டு வரிசையில் அதே கீலைப் பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளை நட்டுகள்தான் தாங்குகின்றன.

பெயர் அப்படியே இருக்க உள்ளே எல்லாம் மாறுவதும் உண்டு. திங்க்பேட் 2005 வரை ஐபிஎம்முடையது; அதன் பிறகுதான் லெனோவோவுடையது. தைவானின் குவான்டா, காம்பல் போன்ற நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டி போடும் பல பிராண்டுகளுக்கு லேப்டாப் செய்து கொடுக்கின்றன. 2006-இல் தீப்பிடிக்கும் அபாயத்தால் டெல் சுமார் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிள் சுமார் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. இரண்டிலும் இருந்தவை சோனி செய்த செல்கள். இன்னொரு பக்கம், ஆப்பிளின் 'பட்டர்ஃபிளை' கீபோர்டு 2015 முதல் 2019 வரை வந்த பல மாடல்களில் விசைகள் சிக்கிப் பெயரைக் கெடுத்தது. அதற்கு முன்பும் பின்பும் வந்தவற்றில் அந்தக் குறை இல்லை. ஆகவே உங்கள் விசுவாசத்தைக் கம்பெனிக்குக் கொடுக்காமல், குறிப்பிட்ட மாடலுக்கும் அதன் சர்வீஸுக்கும் கொடுங்கள்.

கீல் ஏன் உடைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்தோ, துரு ஏறியோ கீல் இறுகுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பித்தளை நட்டு பிளாஸ்டிக்கைப் பிய்த்து இழுக்கிறது. ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் பாரம் முழுவதும் ஒரு கீலில் விழும். திறக்கும்போது ஓரம் விரிந்தாலோ 'டக்' என்று சத்தம் வந்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கடையில் கொடுத்துக் கீலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். அது சிறு வேலைதான். தள்ளிப்போட்டால் மூடி பிளந்து, திரைக்குப் போகும் கேபிளும் அறுந்து செலவு பல மடங்காகும். ஃபெவிக்விக் ஊற்றாதீர்கள். அது கீலுக்குள் வழிந்து இன்னும் இறுக்கிவிடும்.

மகளுக்கு 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். ரேம் போர்டோடு சால்டர் செய்ததா (கழற்ற முடியாதபடி பற்றவைத்ததா), கூடுதலாகப் போட இடம் உண்டா என்று கேளுங்கள். 629-இல் தொடங்கும் உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி உண்டா, நாம் தூக்கிக்கொண்டு போகவேண்டியதா என்பதைப் பணம் கட்டுமுன் கம்பெனியின் உதவி எண்ணில் கேட்டு உறுதி செய்யுங்கள். கடைக்காரர் வாய்ச்சொல் போதாது. வாங்கிய அன்றே சீரியல் நம்பரைக் கம்பெனித் தளத்தில் போட்டு, வாரண்டி தொடங்கிய தேதி பில் தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்த பெட்டியென்றால் தேதி முன்னதாக இருக்கும். பில்லைக் காட்டித் திருத்தக் கேட்கலாம்.

கேள்வி: வீடு குளச்சல் கடற்கரைக்கு மிக அருகில். இரண்டு கம்பெனி மாற்றியும் யூஎஸ்பி துளை, சார்ஜிங் பின் எல்லாம் பச்சை பூத்துப் போகின்றன. உப்புக்காற்றைத் தாங்கும் கம்பெனி எது?
(ஒரு வாசகி, குளச்சல்)

சாதாரண லேப்டாப் எதுவும் உப்புக்காற்றுக்கென்று செய்யப்படுவதில்லை. படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதில் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரித்துப் பச்சையாகிறது. அரிப்புக்குப் பொதுவாக வாரண்டி கிடைக்காது. 'மில்-எஸ்டிடி-810' என்ற ராணுவத் தரத்தை விளம்பரத்தில் பார்த்து ஏமாறவேண்டாம். அதில் உப்புமூட்டச் சோதனை ஒன்று உண்டு, ஆனால் எந்தெந்தச் சோதனை செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்துகொள்கிறது. பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்து வேலை செய்யாதீர்கள். ஃபேன் அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். வேலை முடிந்ததும் முழுக்க ஆஃப் செய்து, சூடு ஆறியபின், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது காயவைக்கவேண்டும் என்று தெரியும். வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் லேப்டாப் சீக்கிரம் பூக்கும். தினமும் ஓடும் சூடே ஈரத்தை விரட்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி-ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி-கார்த்திகை மழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, ஆவணியில் ஒருமுறை கழற்றித் தூசி எடுத்து, துளைகளை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் போன்ற எதையும் உள்ளே விடாதீர்கள், அது தூசியைப் பிடித்து வைக்கும்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் பழைய திங்க்பேட் ஒன்று, இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 புராசசரோடு, மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
(ஒரு மாணவர், கருங்கல்)

விண்டோஸ் வேண்டுமென்றால் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் பழக்கமென்றால் தாராளமாக வாங்கலாம்.

எதை வாங்கினாலும் கடையிலேயே பார்க்கவேண்டியவை சில உண்டு. ஆன் செய்து, திங்க்பேட் என்றால் எஃப்1 அழுத்துங்கள்; மற்ற கம்பெனிகளில் விசை வேறாக இருக்கும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்டு கேட்டால் அதைத் தொடவேண்டாம், எடுப்பது பெரும்பாடு. விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்துப் பாருங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொன்னால் அந்தப் பெட்டி இன்னும் அவர்கள் பூட்டில் இருக்கிறது. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுத்து, ஆரம்பக் கொள்ளளவையும் இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் அளவையும் ஒப்பிடுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: டூப்ளிகேட் சார்ஜர் போட்டதிலிருந்து லேப்டாப் ஓடுகிறது, ஆனால் பேட்டரி ஏறவில்லை. பேட்டரி போய்விட்டதா?
(ஒரு வாசகர், தோவாளை)

பேட்டரி நன்றாகவே இருக்கலாம். டெல், ஹெச்பியின் உருளைப் பின் சார்ஜர்களில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று உண்டு. சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப் அதன் வழியாகத்தான் அறிகிறது. அடையாளம் தெரியாவிட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் விடாது, புராசசர் வேகத்தையும் குறைத்துவிடும். அந்த ஊசி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே வாட் உள்ள ஒரிஜினல் சார்ஜரை யாரிடமாவது வாங்கிப் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தபின் பேட்டரிக்குச் செலவழியுங்கள்.