துவாலுவில் நிலம் கூடியும் கிழங்கு குறைவது ஏன்?

கேள்வி: பசிபிக் தீவு நாடான துவாலுவின் நிலப்பரப்பு கூடியிருப்பதாகப் படித்தேன். அப்படியானால், கடல்மட்ட உயர்வால் அங்கே உணவுக்கு ஆபத்து என்பது மிகைதானா?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 2018-இல் வெளியான ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வின்படி, 1971-க்கும் 2014-க்கும் இடையில் துவாலுவின் நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருக்கிறது; பவளப்பாறையின் உடைசல்களையும் மணலையும் அலைகள் கரையில் சேர்ப்பதே இதற்கு முக்கியக் காரணம். ஆனால் அங்கே பயிரைக் காப்பது புதிதாகச் சேர்ந்த மணல் அன்று, நிலத்தடி நன்னீர்.

ஆறுகளே இல்லாத அந்தப் பவளத்தீவுகளில், மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், தன்னைவிட அடர்த்தியான உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. அந்தப் படலத்தை எட்டும்வரை குழி தோண்டி, இலைதழைகளை மக்கவைத்து எருவிட்டு, நம் சேப்பங்கிழங்குக்கு உறவான 'புலாகா' கிழங்கை மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்திருக்கிறார்கள். மழை பொய்த்தால் நன்னீர்ப் படலம் மெலிகிறது. பேரலை கரை தாண்டினால் உப்பு நேராகவே குழிக்குள் இறங்குகிறது. 2011-இல் கடும் வறட்சியால் அரசு அவசரநிலையை அறிவித்தது. 2015-இல் பாம் புயல் எழுப்பிய அலைகள் நுய் தீவில் ஊருக்குள்ளேயே புகுந்தன. புலாகா முற்றச் சில ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், ஒருமுறை உப்பேறிய குழியின் இழப்பை அடுத்த பருவத்திலேயே ஈடுகட்டிவிட முடியாது.

பழி முழுவதையும் பருவநிலையின்மேல் போடுவதும் நியாயமாகாது. இரண்டாம் உலகப்போரின்போது ஃபுனாஃபுட்டி தீவில் அமெரிக்கப் படையினர் விமான ஓடுதளம் அமைத்தபோதே புலாகாக் குழிகள் பல அழிந்தன. கப்பலில் வரும் அரிசியும் மாவும் எளிதாகக் கிடைத்த பிறகு, குழிக்குள் இறங்கிப் பாடுபடும் பழக்கமும் தளர்ந்தது.

அந்த அரிசியை வாங்கும் பணத்திலும் கடலுக்குப் பங்குண்டு. அயல்நாட்டுக் கப்பல்கள் சூரை மீன் பிடிக்கச் செலுத்தும் உரிமக் கட்டணம் துவாலு அரசின் பெரிய வருவாய்களுள் ஒன்று. கடல் சூடேறினால், மேற்கு பசிபிக்கின் சூரைக் கூட்டங்கள் கிழக்கே விலகிச் செல்லும் என்று மீன்வள அறிவியலாளர்கள் கணிக்கிறார்கள். ஆகவே 'மூழ்கும் நாடு' என்ற பேச்சு மிகையாக இருக்கலாம். உணவைப் பற்றிய அச்சம் மிகையன்று.