சின்னப் பாய்மரப் படகின் முன்பாயை இழுத்துக் கட்டும் ஷீட் கயிறு புதிதாக வாங்க வேண்டும். எந்த ரகம், எத்தனை மில்லிமீட்டர்? டைனீமா என்கிற உறுதியான செயற்கை இழைக் கயிறு தேவையா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: 22 அடிப் படகு, சுருட்டி வைக்கும் ஜெனோவா (பெரிய முன்பாய்) சுமார் 14 சதுர மீட்டர், கயிற்றின் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும் செல்ஃப் டெயிலிங் வசதி இல்லாத சாதா வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை). இப்போதைய கயிறு விறைத்துப்போய், மேலுறை பிசிறடிக்கிறது.

டைனீமா வேண்டாம். 10 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் இரட்டைப் பின்னல் கயிறு வாங்குங்கள். அதாவது உள்ளே ஒரு பின்னல், அதன்மேல் உறை மாதிரி இன்னொரு பின்னல். மேற்பரப்பு பளபளவென்று இல்லாமல், கொஞ்சம் பஞ்சு தட்டினாற்போல் மங்கலாக இருக்கும் ரகமாகப் பாருங்கள்.

கயிறு வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு கிலோ தாங்கும்?" என்பதைத்தான். இந்த அளவுப் படகில் அது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஷீட்டில் வரும் இழுவையைக் கிலோவில் கணக்கிட ஒரு தோராயச் சூத்திரம் இருக்கிறது: பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, காற்றின் வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் எடுத்து இருமடியாக்கி, இரண்டையும் பெருக்கி, 0.021ஆல் பெருக்க வேண்டும். உங்கள் பாய்க்கு 20 நாட் காற்றில் 14 × 400 × 0.021, கிட்டத்தட்ட 118 கிலோ. நல்ல 8 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் பின்னலே ஆயிரம் கிலோவுக்கு மேல் இழுத்தால்தான் அறும். முடிச்சுப் போட்டதால் மூன்றில் ஒரு பங்கு பலம் போனாலும், வெயிலிலும் உப்பிலும் இன்னும் கொஞ்சம் போனாலும், மிச்சம் தாராளம். காற்று 30 நாட் வேகத்தைத் தொடும்போது நீங்கள் முழுப் பாயை விரித்துவைத்திருக்கப் போவதும் இல்லை.

அப்புறம் ஏன் 10? கைக்காக. 8 மில்லிமீட்டர் கயிற்றை வெறுங்கையால் பிடித்து நூறு கிலோ இழுவையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள், உள்ளங்கையில் கோடு விழும். வின்ச்சில் சுற்றி இழுக்கும்போதும் 10 நன்றாகப் பிடி கொடுக்கும். 12க்குப் போனால் கப்பிக்குள் இறுக்கமாக ஓடும், வின்ச் உருளையில் சுற்றவும் இடம் குறையும். மெல்லிய காற்றில் நனைந்த கனக் கயிறு பாயின் பின்மூலையைக் கீழே இழுத்துப் பாயின் வடிவத்தையே கெடுக்கும். பெரும்பாலும் இளங்காற்றில்தான் ஓட்டுகிறீர்கள், கையுறை போடும் பழக்கமும் உண்டு என்றால் 8 போதும். எதை வாங்கினாலும் முதலில் உங்கள் கப்பிகளும், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கேம் கிளீட்டும் எந்தத் தடிமன்வரை ஏற்கும் என்று பார்த்துவிடுங்கள்.

டைனீமாவை ஏன் தள்ளுகிறேன் என்றால், அதன் பெருமை நீளாமல் நிற்பதுதான். உங்கள் பாய் சாதாரண டாக்ரான் (பாலியெஸ்டர் துணி) என்றால் பாயே அதைவிட அதிகம் நீளும். ஷீட்டில் வரும் சில சென்டிமீட்டர் நீட்சியை வின்ச்சில் அரைச்சுற்று இழுத்துச் சரிசெய்துவிடலாம். போதாக்குறைக்கு, உறையில்லாத டைனீமா வழுக்கும்; வின்ச்சிலும் நிற்காது, முடிச்சும் உருவிக்கொள்ளும். 150 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகவும் செய்யும். பாலியெஸ்டர் 250ஐத் தாண்டித்தான். அந்தப் பணத்தைப் பாய் ஏற்றும் ஹாலியார்டில் போடுங்கள். ஹாலியார்ட் நீண்டால் பாயின் முன்விளிம்பு தளர்ந்து, பாய்க்குள் தொப்பை பின்னுக்கு நகர்ந்து, படகு காற்றை நோக்கி ஏறாமல் பக்கவாட்டில் சாயும். அங்கே டைனீமா கொடுக்கிற காசுக்கு வேலை செய்யும்.

நைலான் ஷீட்டுக்கு ஆகாது, ரப்பர் மாதிரி இழுபடும். அதே குணத்தால்தான் நங்கூரத்துக்கும் கரையில் கட்டுவதற்கும் நைலான் பொருத்தம். மலையேறுகிறவர்களின் பழைய கயிறு சும்மா கிடைத்தாலும் வேண்டாம், அதுவும் நைலான்தான். பாலிப்புரொப்பிலீன் மிதக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் பொடிந்துபோகும். மூன்று புரி முறுக்குக் கயிறு வின்ச்சில் சுற்றச் சுற்ற முறுக்கேறிச் சிக்கு விழும்.

கடையில் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். நான் பார்ப்பது இப்படி. ஒரு முழம் உருவி இரண்டாக மடித்து விரலால் நெரிப்பேன். மடிப்பில் பெரிய வளையமாக விறைத்து நின்றால் அந்தக் கயிறு படகிலும் சுருளாமல் அடம்பிடிக்கும். அடுத்து, ஒரு கையால் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் மேலுறையை உருவித் தள்ளுவேன். உறை உள்பின்னலை விட்டு நழுவிப் பை மாதிரி திரண்டால் வேண்டாம். வின்ச்சில் தட்டையாகி, கிளீட்டில் உறை மட்டும் மாட்டிக்கொண்டு உள்ளே இருப்பது நழுவும். கடைசியாக ஒரு போலைன் (நழுவாத வளைய முடிச்சு) போட்டு, காலால் மிதித்து இழுத்து, அவிழ்த்துப் பார்ப்பேன். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

நீளத்துக்குப் படகின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் என்பார்கள். 22 அடிக்கு 10 மீட்டர் வரும். தோராயத்துக்கு அது சரி; ஆனால் சணல் நூல் ஒன்றை எடுத்து அளந்துவிடுவதே நல்லது. பாயை ஒரு பக்கம் முழுக்க இழுத்துக் கட்டுங்கள். எதிர்ப்பக்கத்து ஷீட், அதாவது சும்மா கிடக்கும் கயிறு, பாயின் மூலையிலிருந்து பாய்மரத்தைச் சுற்றி வந்து, தன் பக்கத்துக் கப்பி வழியாக வின்ச்சில் மூன்று நான்கு சுற்றுப் போட்டபின் ஒரு மீட்டராவது கையில் மிஞ்ச வேண்டும். உங்களுடையது சுருட்டும் பாய் என்பதால் இன்னொன்றும் உண்டு. பாயைச் சுருட்டியபின் ஷீட்டையும் அதன்மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி வைப்பீர்கள் இல்லையா, அந்த நிலையிலும் கயிறு வின்ச்வரை எட்ட வேண்டும். இதை விட்டுவிட்டு அளந்தால் கடைசியில் அரை மீட்டர் குறையும்.

ஒரே நீளக் கயிறா, இரண்டு துண்டா? ஒரே கயிற்றை நடுவில் மடித்துப் பாயின் மூலை வளையத்தில் கோத்து மாட்டினால் முடிச்சுச் சின்னதாக இருக்கும், பக்கம் மாறும்போது, பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரவுட் கம்பிகளில் தட்டாமல் நழுவிப் போகும். ஆனால் ஒரு பக்கம் தேய்ந்தாலும் முழுக் கயிற்றையும் மாற்ற வேண்டிவரும். எனக்கு இரண்டு துண்டும் இரண்டு போலைனும்தான் பிடிக்கும். தேய்ந்த முனையைத் திருப்பிப் போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். முடிச்சின் வால் விரற்கடையளவே மிஞ்சாமல் ஒரு சாண் இருக்கட்டும். அதற்குமேல் நீண்டால் கம்பியில் மாட்டும். முடிச்சுக்குப் பதில் இரும்பு ஷாக்கிள் (U வடிவ மாட்டி) மட்டும் போடவே போடாதீர்கள். பாய் படபடக்கும்போது அது தலையில் பட்டால் மண்டை உடையும்.

பணம் கொடுப்பதற்குமுன் ஒரு வேலை. பழைய கயிறு விறைத்ததற்கு உப்பு காரணமாக இருக்கலாம். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்புப் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து அலசுங்கள், பாதி விறைப்புப் போய்விடும். வெறும் பிசிறு என்றால் பயமில்லை. உறை கிழிந்து உள்பின்னல் தெரிந்தால்தான் தூக்கிப்போட வேண்டும். பிசிறு ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அந்த இடம் படகில் எங்கே உரசுகிறது என்று தேடுங்கள். ஷ்ரவுட் அடியில் டேப் சுற்றாத காட்டர் பின் (கழலாமல் இருக்கச் செருகும் பிளவு ஊசி), ஓடாமல் இறுகிப்போன கப்பி, இரண்டில் ஒன்றாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதுக் கயிறு போட்டால் அதுவும் அங்கேயேதான் தேயும்.

வெட்டும் முனையைத் தீயில் உருக்கி விட்டால் மட்டும் போதாது. உருகிய விளிம்பு கையைக் கீறும், நாளடைவில் வெடித்து உள்பின்னல் உள்ளே போய்விடும். மெழுகு நூலை ஊசியில் கோத்து, கயிற்றுக்குள் குறுக்காகக் குத்தி எடுத்துச் சுற்றிக் கட்டுங்கள். வின்ச் பக்கத்து முனையில் 8 வடிவ முடிச்சு ஒன்றும் போட்டுவிடுங்கள், கை தவறினாலும் கயிறு கப்பியை விட்டு உருவிப் போகாது.