மூன்று வகுப்பு, ஒரே டீச்சர்: வாரத்தை எப்படி ஓட்டுவது?

ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில், தமிழ் முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறது, வெள்ளி வரை கணக்கும் சூழ்நிலையியலும் அப்படியே கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான் டீச்சர். பாடவேளையைப் பிரிப்பதை விட்டுவிட்டு, வாரம் முழுக்க ஒரே பொருளைப் பிடித்துப் பாருங்கள்.

நான் எடுத்தது பச்சைப்பயறு. திங்கள் மாலை குழுவுக்குப் பத்துப் பயறு ஊறப்போட்டு, மறுநாள் ஈரத்துணியில் முடிந்து வைத்தோம். புதன் காலை முளை எட்டிப் பார்க்கும், ஒன்றிரண்டு ஊறாமல் கல்லாகவே கிடக்கும், அந்தக் கல்பயறுதான் நமக்கு வேண்டியது. அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்திருக்கிறோமே, அதில் தொடக்க நிலையான அரும்புக் குழந்தைகள் முளைத்ததை எண்ணட்டும், அடுத்த நிலையான மொட்டு அதைப் பத்திலிருந்து கழித்து முளைக்காதது எத்தனை என்று சொல்லட்டும், மலர் ஸ்கேலில் முளையின் நீளத்தை அளந்து தேதி போட்டு எழுதட்டும். சூழ்நிலையியல் அதிலேயே வந்துவிடும். தமிழுக்கு ஊறு, முளை, வேர், இலை. ஆங்கிலத்துக்கு சீட், ரூட், லீஃப். அது போதும்.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தரும் பயிற்சி நூலை ஒதுக்காதீர்கள், பக்கத்தை மட்டும் முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், துணியைத் தினமும் அலசுங்கள். ஒருமுறை மறந்துவிட்டேன், வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.